வாசல் கதிரை

ஊக்கம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். பெண் பிள்ளைகளைக் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஊக்குவிப்பது எப்படி என்று பாடசாலைகளில் கூட்டம் வைக்கிறார்கள். என்னையும் கூப்பிடுவார்கள். வாய்க்கால் அளக்கிற உத்தியோகம் பார்த்த பெண் வந்து பேசினால் பிள்ளைகளுக்கு உற்சாகம் பிறக்குமாம். மாலை போட்டு, சோடா தந்து, நாலு வார்த்தை சொல்லுங்கோ என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னது ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எங்கள் காலத்தில் ஊக்கத்துக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எங்களுக்கு இல்லாமல் போனது, பின்னேரங்களில் வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருக்க ஒரு கலியாணமான பெண். இதை மேடையில் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் கிளிநொச்சிப் பக்கம். குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வந்து வயலுக்குப் பாய்கிற இடம். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். காடு வெட்டி, யானையோடும் பாம்போடும் மல்லுக்கட்டி, அதை வயலாக்கியவர். இந்தக் கதையை நல்லநாள் பெருநாள் பார்க்காமல் எங்களுக்கு நினைவூட்டுவார். ஊரில் எந்தப் பிரச்சினை வந்தாலும் அவரிடம் அதற்கு ஒரு வழி இருக்கும். வழியைச் சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார்.

என் சிநேகிதி எழுபத்தேழு இனக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்தவள். மலைநாட்டில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் இருந்த குடும்பம். லயம் எரிந்த பிறகு தாயும் தகப்பனும் அவளுமாக வவுனியா ஸ்டேசனில் வந்திறங்கி, அங்கிருந்து ஒரு லொறியில் ஏறி எங்கள் பக்கம் வந்து, வாய்க்கால் கரையில் குடிசை போட்டார்கள். அடுத்த மாரிக்குள் தகப்பன் மலேரியாவில் போய்விட்டார். தாய் எங்களைப் போன்றவர்களின் வயல்களில் கூலிக்கு நின்றார். ஊரில் அவர்களை இளக்காரமாகத் தோட்டக்காட்டார் என்றுதான் சொல்லுவார்கள். எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்தான்.

வகுப்பில் அவள் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கணக்கு எனக்கு வேலை, அவளுக்கு அது விளையாட்டு. நான் கொப்பியில் மூன்றாவது வரிக்கு வரும்போது அவள் விடையை எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பாள். எஞ்சினியராக வர வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. ஏனென்று கேட்டேன்.

"வாய்க்கால் பாக்க ஜீப்பிலை ஒரு எஞ்சினியர் ஐயா வாறவரெல்லே? அவரைக் கண்டால் உங்கடை அப்பாவும் எழும்பி நிக்கிறார். கண்டனியோ?"

கண்டிருக்கிறேன். அப்பா எழும்பி நிற்கிற ஆட்கள் ஊரில் மிகக் குறைவு.

சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தில் எங்கள் பாடசாலையிலேயே நல்ல சித்தி அவளுக்குத்தான். ஆனால் உயர்தரத்துக்குப் பாடசாலையில் கலைப் பிரிவு மட்டும்தான் இருந்தது. கணிதம் படிக்க விரும்பிய பெடியன்களைத் தகப்பன்மார் யாழ்ப்பாணத்து விடுதிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது பெட்டைகள் மூன்று பேர்: நான், அவள், கடைக்கார முதலாளியின் மகள். கஷ்டப் பிரதேசம் என்று முதல் நியமனத்தில் வந்திருந்த இளம் கணித ஆசிரியர் ஒருவர், பாடசாலை விட்ட பிறகு பின்னேரங்களில் எங்களுக்குக் கற்பிக்கிறேன் என்றார். தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகம் மூன்றும் அவர்தான். இரசாயனத்துக்கு ஆளைப் பிறகு பார்க்கலாம் என்றார் அதிபர். அந்தப் பிறகு வரவேயில்லை.

நாங்கள் சேர் என்று கூப்பிட்ட அவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். கலியாணமாகாதவர். பாடசாலை விட்ட பிறகு அவரும் மூன்று குமர்ப் பிள்ளைகளும் ஒரு அறையில் என்றால் ஊர் என்ன சொல்லும்? இந்தக் கேள்வி வந்ததும் அப்பா வழி சொன்னார். பிள்ளைகளின் தாய்மார் கிழமைக்கு ஒருவராக முறை வைத்து வகுப்பு வாசலில் கதிரை போட்டு இருக்க வேண்டும். கதிரை றோட்டைப் பார்த்திருக்க வேண்டும். போகிறவர் வருகிறவருக்கு ஒரு தாயின் முகம் தெரிந்தால்தான் அது காவல். கதிரையில் ஆளில்லாத நாளில் வகுப்பில்லை. சொல்லிவிட்டு மீசையைத் தடவினார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும்தான். அந்தக் கதிரை இல்லாவிட்டால் வகுப்பே தொடங்கியிராது.

முதல் கிழமை முதலாளியின் பெண்சாதி. அவா சும்மா இருக்கிற ஆளில்லை. "தம்பி, உங்கடை ஊரிலை மீன் என்ன விலை போகுது?" என்று சேர் வகையீட்டைத் தொடங்குகிற நேரம் பார்த்துக் கேட்பா. அதனால் அப்பா இன்னொரு சட்டமும் போட்டார். கதிரையில் இருக்கிறவர் கதைக்கக் கூடாது.

இரண்டாவது கிழமை என் அம்மா. அவாவுக்குச் சட்டம் தேவைப்படவில்லை, சுளகில் அரிசிக் கல்லுப் பொறுக்கியபடியே நித்திரையாகிவிடுவா.

மூன்றாவது கிழமை அவளுடைய தாய் வந்தார். வயலிலிருந்து நேரத்தோடு கிளம்பி, வாய்க்காலில் கால் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, வாசற்படிக்குக் கீழே நிலத்தில் குந்தினார். எங்கள் வீடுகளில் அவருக்குக் கதிரை கொடுக்கிற வழக்கமில்லை. குசினி வாசல்தான் அவருக்குரிய இடம். சேர் வெளியே வந்து, "கதிரையிலை இருங்கோ அம்மா" என்றார். அவர் மகளைப் பார்த்தார். பிறகு கதிரையின் நுனியில், எப்போதும் எழும்பத் தயாராக, இருந்தார். அந்தக் கிழமை முழுக்க அவர் முதுகு ஒருநாளும் கதிரையில் சாயவில்லை. றோட்டால் போனவர்கள் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். சிநேகிதி கரும்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவளுடைய காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். அந்த நாட்களில் எனக்கு ஊர் முழுவதன் மேலும் ஆத்திரம்.

இப்படியே ஒரு வருடத்துக்குக் கிட்ட ஓடியது. வகையீடு முடிந்து தொகையீட்டுக்கு வந்துவிட்டோம். சேர் எங்கே பரீட்சை எடுக்கலாம், இரசாயனத்துக்கு லீவு நாட்களில் யாழ்ப்பாணத்தில் எங்கே படிக்கலாம் என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். பின்தங்கிய மாவட்டம் என்பதால் எங்களுக்குக் கொஞ்சம் குறைந்த புள்ளியிலும் பல்கலைக்கழக இடம் கிடைக்கும். அவளைப் பற்றி, "இவளுக்கு அந்தச் சலுகையும் தேவைப்படாது" என்று என் முன்னாலேயே சொன்னார். எனக்கு எரிந்தது. ஆனால் அது சரிதான் என்று எனக்கும் தெரியும்.

அருவி வெட்டுக் காலம் வந்தது. நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும்போது மழை வந்தால் எல்லாம் போச்சு. அப்படியொரு நாள் மத்தியானம் வானம் இருட்டத் தொடங்கியது. எங்கள் வயலில் பாதி வெட்டாமல் நின்றது. அந்தக் கிழமை கதிரை முறை அவளுடைய தாய்க்கு. அவர் அரிவாளைக் கழுவிக்கொண்டு கிளம்பப் பார்த்தபோது அப்பா மறித்தார். மத்தியானச் சாப்பாட்டைக் கொண்டுபோன நான் வரம்பில் நின்றேன்.

"இஞ்சை பார், மழை வரப்போகுது. இண்டைக்கு ஒருநாள் நிண்டு வெட்டித் தந்திட்டுப் போ."

"புள்ளைங்களுக்கு வகுப்பு இருக்குங்களே ஐயா. நான்தான் உக்காரணும்."

"ஒருநாள் இல்லாட்டி உலகம் அழிஞ்சு போகாது. நில்."

அவர் நின்றார். நிற்காமல் போனால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

நான் பாடசாலைக்கு ஓடினேன். கதிரை வாசலில் வெறுமையாக இருந்தது. சேர், "இண்டைக்கு ஏலாது பிள்ளையள், வீட்டை போங்கோ" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் ஊசல் பரிசோதனை காட்டுவதாகச் சொல்லியிருந்தார். ஆய்வுகூடம் என்ற பெயருக்கு ஒரு அலுமாரிகூட இல்லாத பாடசாலை. நூல், பாரத்துக்கு ஒரு கல், அவருடைய கைக்கடிகாரம், இவ்வளவும்தான் சாமான். எத்தனையோ நாளாக அவள் அதற்காகக் காத்திருந்தாள்.

"கதவு திறந்துதானே கிடக்கு சேர். கெதியாச் செய்து முடிச்சிட்டுப் போயிடுவம்" என்றாள் அவள்.

சேர் யோசித்தார். பிறகு நூலைக் கூரை வளையில் கட்டினார்.

கல் ஆடத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. காற்று சாரலை உள்ளே அள்ளி வீசியது. கதிரை நனைகிறதென்று நான்தான் அதை உள்ளே இழுத்து மூலையில் வைத்தேன். மேசையில் கிடந்த புத்தகங்கள் நனையத் தொடங்க, முதலாளியின் மகள் கதவைச் சாத்தினாள். அறை இருண்டதால் சேர் அரிக்கன் லாம்பைக் கொளுத்தி மேசையில் வைத்தார். நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றிக் குனிந்து, கடிகார முள்ளைப் பார்த்தபடி ஆட்டங்களை எண்ணினோம். நூலைக் குறைத்தால் நேரம் குறைந்தது. கல்லை மாற்றிப் பெரிய கல் கட்டினால் நேரம் மாறவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பாருங்கோ சேர், கல்லு பெரிசெண்டாலும் அதுக்கு ஒரு மதிப்புமில்லை!" என்றாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்கு முதலும் பிறகும் நான் கண்டதில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி உள்ளே வந்தார். மகளுக்குக் குடை கொண்டுவந்த மனுசன். சாத்திய கதவு, லாம்பு வெளிச்சம், மூலையில் வெறும் கதிரை, நாலு தலைகள் ஒன்றாக. அவர் கண்டது இவ்வளவும்தான். ஊசலை அவர் பார்க்கவில்லை. அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கொண்டுவந்த குடையை விரிக்காமலே மழையில் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலை மண்டபத்தில் கூட்டம். அதிபர் நடுவில் இருந்தார். அப்பா முன்வரிசையில். சேர் ஒரு பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு. அவளும் தாயும் பின்னால், சுவரோடு நின்றார்கள். பெண் பிள்ளை படிக்கக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். எழும்பிய ஒவ்வொருவரும், "பொம்பிளைப் பிள்ளையள் படிக்கத்தான் வேணும், ஆனால்" என்று தொடங்கினார்கள். அந்த ஆனாலுக்குப் பிறகு வந்ததெல்லாம் பழி.

பழி எங்கே போய் விழும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் தாய் தன் முறையில் இருந்தா. முதலாளியின் பெண்சாதி தன் முறையில் இருந்தா. இருக்காமல் விட்டவர் யார்?

"உன்ரை முறையெல்லே? எங்கை போனனி?" என்று முதலாளி கேட்டார்.

"வயலுக்குப் போயிட்டேங்க" என்றார் அவளுடைய தாய்.

"பாத்தியளே! மற்றத் தாய்மார் வேலை வெட்டியை விட்டிட்டு வந்து இருக்கினம். இவைக்குப் பிள்ளையை விடக் கூலி பெரிசு. இதுகளைச் சேர்த்ததுதான் பிழை."

யாருடைய வயல் என்று அவளுடைய தாய் சொல்லவில்லை. சொல்ல மாட்டார். மறுநாளும் அதே வயலில்தான் அவர் நிற்க வேண்டும். நான் அப்பாவைப் பார்த்தேன். இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று காத்திருந்தேன். அப்பா மண்டபத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசையைத் தடவவில்லை.

நான் எழும்பினேன். "அவா எங்கடை வயலிலைதான் நிண்டவா! போகப் போனவாவை அப்பாதான் மறிச்சவர்! நான் கண்ணாலை கண்டனான்!"

பிறகு அம்மா வந்து என் கன்னத்தில் அறைந்து, கையைப் பிடித்து வெளியே இழுத்தா. முதலாளி பின்னாலிருந்து கத்தினார். "கண்டியளே, பெத்த தகப்பனைச் சபையிலை எதிர்த்துக் கதைக்கிது! இதுதான் அங்கை படிப்பிச்சது!" நான் சொன்ன உண்மையால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது வகுப்பை மூடுவதற்கு இன்னொரு காரணமாகப் போனது.

சேர் அந்தத் தவணை முடிவதற்குள் இடமாற்றம் எடுத்துக்கொண்டு போனார். முதலாளியின் மகள் கலைப் பிரிவில் சேர்ந்து மனையியல் படித்து, கலியாணம் செய்து வெளிநாட்டுக்குப் போனாள். அப்பா என்னை யாழ்ப்பாணத்து விடுதியொன்றில் சேர்த்தார். வகுப்பைப் பற்றியோ வயலைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்ட புத்தகமெல்லாம் வாங்கித் தந்தார். அவரால் முடிந்த பரிகாரம் அதுதான் போலும். ஆனால் அதைச் செய்ய வேண்டிய வீடு எங்கள் வீடல்ல.

அவளைக் கலைப் பிரிவில் சேரச் சொன்னார் அதிபர். அவள் மாட்டேன் என்றாள். தாயோடு நாற்று நடப் போனாள். முதல் விடுமுறைக்கு நான் வந்தபோது அவள் எங்கள் வயலில் சேற்றுக்குள் நின்றாள். நான் செருப்போடு வரம்பில் நின்றேன்.

"இப்ப எந்தப் பாடத்திலை நிக்கிறியள்?" என்று கேட்டாள்.

நீ என்று கூப்பிட்டவள். பன்மையில் கேட்டது வகுப்பு முழுவதையும்தானாக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். எளிமை இசை இயக்கம் என்றேன். "ஊசல்தானே" என்றாள். பிறகு குனிந்து நாற்றை எடுத்தாள். அடுத்த விடுமுறைக்கு வந்தபோது அவளை ஸ்கந்தபுரத்தில் தோட்டக் காணியொன்றில் வேலை செய்கிற ஒருவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் நாட்டுக்கே தெரியும். எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு இன்னும் எத்தனையோ மலைநாட்டுக் குடும்பங்கள் வந்து எங்கள் பக்கக் காடுகளில் குடியேறின. ஆமி வந்தது, போனது, பிறகு இந்திய ஆமி வந்தது. நான் படித்து முடித்து வவுனியாவில், வாய்க்கால் வேலைகளைப் பார்க்கிற அலுவலகத்தில் சேர்ந்தேன். எண்பத்தொன்பதில் எங்கள் பாடசாலையின் புதிய அதிபர் ஆளனுப்பினார். கணிதப் பிரிவைத் திரும்பத் தொடங்கப் போகிறோம், பெற்றோர் கூட்டத்தில் வந்து ஊக்கம் கொடுத்துப் பேசுங்கோ என்று. பெடியன்களில் பாதிப் பேர் இயக்கத்துக்கும் மீதிப் பேர் வெளிநாட்டுக்கும் போயிருந்தார்கள். இந்த முறையும் மிஞ்சியது பெட்டைகள்தான். இந்த முறையும் ஆசிரியர் இளம் ஆண்.

நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். பேசி முடிந்ததும் ஒரு தகப்பன் எழும்பினார். "பொம்பிளைப் பிள்ளையள் படிக்கத்தான் வேணும், ஆனால்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழவில்லை.

வாசலில் ஒரு தாய் இருக்க வேண்டும். ஆனால் றோட்டில் ஆமி நிற்கிற காலத்தில் எந்தத் தாய் பின்னேரத்தில் வீட்டை விட்டு வருவாள்? ஒவ்வொருவராகக் கையை விரித்தார்கள். நான் இருக்கிறேன் என்று சொல்லலாம் என்றால் எனக்கு வவுனியாவில் வேலை, அதைவிடப் பெரிய குறை, கலியாணமாகவில்லை. எஞ்சினியர்மாரோடு வேலை செய்கிற எனக்கு அந்தக் கதிரைக்குத் தகுதியில்லை.

"நான் வந்து இருக்கிறன்."

குரல் பின்னால், சுவர்ப் பக்கமிருந்து வந்தது. இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு அவள் நின்றாள். வற்றிப் போயிருந்தாள். தாய்க்குச் சுகமில்லையென்று ஊருக்குத் திரும்பி வந்து, அதே வாய்க்கால் கரைக் குடிசையில் இருக்கிறாளாம்.

"ஒவ்வொரு நாளுமோ?" என்று அதிபர் நம்பாமல் கேட்டார்.

"ஓம். ஒவ்வொரு நாளும்."

முன்வரிசையில் கிழடாகிப் போயிருந்த அப்பா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். அவள் பக்கம் திரும்பிக் கைதட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். அவர் அவளுக்காக எழும்பி நின்றது அன்றைக்குத்தான். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜீப்பில் வந்த அந்த எஞ்சினியர் ஐயாவை அவளும் நினைத்திருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன். மேடையிலிருந்து இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது.

வவுனியாவுக்குத் திரும்புவதற்கு முதல் ஒரு பின்னேரம் பாடசாலைக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் கதிரை. றோட்டைப் பார்த்தபடி அவள். குழந்தை மடியில் நித்திரை. கரும்பலகை அவளுடைய முதுகுக்குப் பின்னால். உள்ளே ஆசிரியர் தொகையீடு சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய தாயைப் போலவே அவளும் கதிரையில் சாயாமல் இருந்தாள். ஆனால் அது பயத்தில் இல்லை, ஒரு சொல்லையும் தவற விடக்கூடாது என்பதால்.

"கதிரையைத் திருப்பிப் போடன். பலகையைப் பாக்கலாம்" என்றேன் மெல்ல.

"றோட்டாலை போறவைக்கு என்ரை முகம் தெரியோணும். தெரியாட்டிப் பிள்ளையளை மறிச்சுப் போடுவினம்." மடியில் குழந்தையைச் சரிப்படுத்திக்கொண்டு, "ஒரு இடம் விளங்கயில்லை. பழசெல்லாம் மறந்து போச்சு" என்றாள்.

"அவரிட்டைக் கேளன்."

"கதிரையிலை இருக்கிறவா கதைக்கக் கூடாது. உங்கடை அப்பா போட்ட சட்டமெல்லே. இப்பவும் அதுதான்."

எந்த இடம் விளங்கவில்லை என்று கேட்டேன். சொன்னாள். திரும்பாமலே சொன்னாள், றோட்டில் ஒருவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"நீங்கள் மெதுவாச் சொல்லுங்கோ. நான் இஞ்சாலை பாத்துக்கொண்டே கேக்கிறன்."

நான் அவளுக்குப் பின்னால் கதவோடு ஒட்டி நின்று, அவளுடைய பின்னந்தலைக்குத் தொகையீட்டை விளங்கப்படுத்தினேன். சைக்கிள்காரர் எங்களைத் தாண்டும்போது அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.